தகரத்தில் ஒரு காவல் தெய்வம்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடத்தை நான்காம் வில்லியத்தின் குதிரைச் சிலைக்காக 1841-ல் கட்டினார்கள். பணம் போதாமல் சிலை வரவேயில்லை. மன்னர் வராததும் நல்லதாய்ப் போயிற்று. 1999 முதல் புதுச் சிற்பங்கள் அதில் முறை வைத்து ஏறி இறங்குகின்றன.

2018-ல் நான் போனபோது இறக்கை முளைத்த, மனிதத் தலையுள்ள காளை ஒன்று நின்றது. தூரத்திலிருந்து, நம் கோபுரத்துச் சுதை வேலை மாதிரி வர்ணப் பூச்சு என்றே நினைத்தேன். கிட்டே போனால் அத்தனையும் தகரம்! இராக்கின் பேரீச்சம்பழப் பாகு அடைத்து வந்த 10,500 காலி டப்பாக்கள். நினேவாவின் நெர்கல் வாசலில் சுமார் கி.மு. 700 முதல் காவல் நின்ற லமாசுவை 2015-ல் ஐ.எஸ். கும்பல் உடைத்தது. அதைத்தான் மைக்கேல் ராக்கோவிட்ஸ் இப்படித் திரும்ப நிறுத்தியிருந்தார்.

கல்லில் செய்திருந்தால் வெறும் பிரதியாகியிருக்கும். கல்லைப் போலப் பாசாங்கு செய்யாததில்தான் இந்தச் சிருஷ்டியின் யோக்கியதை. உடைந்தது உடைந்ததுதான் என்று ஒப்புக்கொள்கிறது. சிலையை உடைத்தது ஒரு கூட்டம். பேரீச்சந் தோப்புகளை அழித்த யுத்தங்களில் இந்த ஊர்ப் பட்டாளத்துக்கும் பங்குண்டு. அதை டப்பாக்கள் சத்தமில்லாமல் சொல்கின்றன. பீடம்தான் உயரம் அதிகம். டப்பாவின் எழுத்தைப் பார்ப்பதற்குள் என் கழுத்து வலித்துவிட்டது.

அதே சதுக்கத்தில், சிந்துவைப் பிடித்த நேப்பியரும் 1857-ன் ஹாவ்லக்கும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். ஹாவ்லக்கோடு லக்னோவுக்குப் போன நீல் துரையின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து 1937-லேயே அப்புறப்படுத்திவிட்டோம். இங்கே அவர்களுக்குத் தவணை கிடையாது. லமாசுவுக்கு மட்டும் இரண்டே வருஷம், 2020-ல் இறக்கிவிட்டார்கள்.