எல்லா மாதமும் ஒரே கத்தலோனியா

2025ஆம் ஆண்டுக்கான 'உலகச் சமையல் பிரதேசம்' என்ற பட்டம் கத்தலோனியாவுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பிரதேசம் அதுதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்குள்ள சுற்றுலாத் துறை 'கத்தலோனியா பெரும்பயணம்' என்றொரு சுற்றுவழியை வகுத்திருந்தது. பார்சிலோனாவில் புறப்பட்டு மலை, கடற்கரை, திராட்சைத் தோட்டம் என்று சுற்றி அங்கேயே வந்து முடியும் அந்தச் சாலைவழிக்கு ஐந்து பகுதிகள், 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பட்டமும் பாதையும் சேர்ந்து ஒரு மோஸ்தரைக் கிளப்பிவிட்டன. ஒரு வாரமோ பத்து நாளோ, எந்த மாதத்தில் போனாலும் 'பண்பாடு, உணவு, நிலக்காட்சி' மூன்றையும் காட்டிவிடுகிறோம் என்கின்றன பயண விளம்பரங்கள்.

இந்த வகைப் பயணத்துக்கு ஆதரவாக ஒரே நியாயம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பார்சிலோனாவில் குவியும் கூட்டத்தை இது உள்நாட்டுக்குப் பரப்புகிறதாம். கோடையில் குவியும் கூட்டத்தை ஆண்டு முழுவதற்கும் பரப்புகிறதாம். முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாம் பாதி நெடுநாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். 80 லட்சம் பேர் வாழும் கத்தலோனியாவுக்கு 2024இல் ஏறத்தாழ 2 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அந்த ஜூலையில் பார்சிலோனாவாசிகள் தண்ணீர்த் துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மேயர் ஜௌமே கொல்போனி, நகரத்தின் 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்படமாட்டா என்று அறிவித்திருந்தார். இந்த நிலையில் பயணி ரம்பலா வீதியை விட்டுப் பிரியொராட்டின் கருஞ்சிலேட்டுச் சரிவுகளுக்கும் போயீ பள்ளத்தாக்கின் கல் தேவாலயங்களுக்கும் போவது நல்லதுதான். ஆள் குறைந்துவரும் மலையூர்களில் ஓர் உணவகம் மூடாமல் இருக்க அது உதவும். வழிகாட்டிகள் பலரும் விஷயம் தெரிந்தவர்கள். சாலைகளும் விடுதிகளும் குறைசொல்ல முடியாதவை.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று வகுத்தது நம் திணை மரபு. காடு மட்டும் இருந்தால் முல்லை ஆகிவிடாது, கார்காலமும் மாலையும் கூட வேண்டும். கத்தலோனியாவைப் பார்க்க இந்தக் கண் அப்படியே பொருந்துகிறது. அந்த மக்களின் பண்பாட்டில் பெரும்பகுதி நாட்காட்டியில்தான் குடியிருக்கிறது. ஏப்ரல் 23 என்றால் ரோஜாவும் புத்தகமும் கைமாறும். ஜூன் 23 இரவு என்றால் ஊரெங்கும் நெருப்பு. கார்ப்பஸ் கிறிஸ்டி வாரம் வந்தால் பெர்கா ஊரின் சதுக்கத்தில் பாட்டூம் திருவிழாவின் முரசு கேட்கும். சுற்றுப்பயணமோ வரைபடத்தை விரித்து ஊர்களைக் கோத்துக்கொண்டு, நாட்காட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறது.

கல்சொட்டை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் துணி கட்டிய மனிதர் அண்ணாந்து ஒரு நீண்ட வெங்காயத் தண்டை வாய்க்குள் இறக்கும் படம் இல்லாத கத்தலோனியா விளம்பரம் அரிது. தாராகோனா பக்கத்து வால்ஸ் ஊர் இதற்குத் தாய்வீடு. ஒருமுறை விளைந்து எடுத்த வெள்ளை வெங்காயத்தைக் கோடையின் பிற்பகுதியில் மறுபடி மண்ணில் ஊன்றுவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பல தண்டுகள் கிளைக்கும். அவை உயர உயர மண்ணை அணைத்துக்கொண்டே வருவார்கள். வெயில் படாத தண்டு வெளுத்து, காரம் தணிந்து, இனிப்பு ஏறும். நவம்பரில் தொடங்கும் அறுவடை ஏப்ரலோடு முடியும். வால்ஸின் பெருவிழா ஜனவரி கடைசி ஞாயிறு.

சுடுகிற நெருப்பையும் கவனிக்க வேண்டும். அது திராட்சைச் சுள்ளியின் நெருப்பு. குளிர்காலத்தில்தான் கொடிகளைக் கவாத்து செய்வார்கள், அப்போதுதான் வெட்டிய சுள்ளி தோட்டத்தில் குவிந்து கிடக்கும். தழலில் மேல்தோல் கருகிய தண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் புழுங்கவிட்டு, கூரை ஓட்டில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். பாதாமும் காய்ந்த நியோரா மிளகாயும் சேர்த்து அரைத்த சாந்தில் தோய்த்துத் தின்ன வேண்டும். அதற்குப் பிறகு அதே தணலில் ஆட்டிறைச்சியும் பொட்டிஃபாரா தொத்திறைச்சியும் வேகும். விளைந்த தண்டு, வெட்டிய சுள்ளி, குளிருக்கு நெருப்பைச் சுற்றிக் கூடும் ஆட்கள் என்று மூன்றும் ஒரே பருவத்தில் சந்தித்ததால் உண்டான விருந்து இது. ஜூலையில் வரும் பயணிக்கு வால்ஸ் கிடைக்கும், சாந்தும் கிடைக்கும், வழிகாட்டியின் வாயால் கதையும் கிடைக்கும். விருந்து கிடைக்காது.

சரி, ஜூலைக்காரருக்கு மனிதக் கோபுரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கஸ்தெல் எனப்படும் அந்தக் கோபுரங்களை யுனெஸ்கோ 2010இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. வால்ஸின் பழைய கணக்குப்படி அதன் பருவம் ஜூன் 24, புனித யோவான் திருநாளில் தொடங்கி, அக்டோபரில் புனித உர்சுலா திருநாளையொட்டி முடியும். இப்போது வசந்தத்திலிருந்து நவம்பர் வரை நீண்டிருக்கிறது. அதன் உச்சங்கள் ஆகஸ்ட் 30இல் விலாஃபிராங்காவிலும் செப்டம்பரில் தாராகோனாவிலும். பிப்ரவரியில் வரும் பயணிக்குத் தாராகோனாவின் ரம்பலா நோவா வீதியில் நிற்கும் கஸ்தெல் சிலைதான் வாய்க்கும்.

கல்சொட்டின் பருவமும் கஸ்தெல்லின் பருவமும் விளிம்பில் லேசாக உரசிக்கொள்கின்றனவே தவிர, ஒன்றின் உச்சத்தில் மற்றது இல்லை. விளம்பரத்தில் இரண்டு படங்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகின்றன. அந்தப் பக்கம் காட்டும் கத்தலோனியாவில் எந்தக் கத்தலோனியரும் வாழ்ந்ததில்லை. அச்சகத்தில் கூட்டிச் சேர்த்த நாடு அது.

கோபுரத்தின் உச்சியில் குழந்தை ஏறிக் கையை உயர்த்துவதைப் படமெடுத்ததும் பயணியின் வேலை முடிந்துவிடுகிறது. குழுவுக்கோ அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஏறிய கோபுரம் சரியாமல் இறங்கினால்தான் முழு வெற்றி. அடியில் நெஞ்சோடு நெஞ்சாக நெருக்கி நிற்கும் பின்யா கூட்டத்துக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. சீவாளி வைத்த கிரால்யா குழலின் மெட்டு மாறுவதைக் கேட்டுத்தான் கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்வார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் மாதக்கணக்கான மாலை நேரப் பயிற்சி இருக்கிறது. கடைக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்றவர் என்று ஒருவர் தோளை ஒருவர் நம்பக் கற்றுக்கொள்வது அங்கேதான். வெளியாட்களைப் பின்யாவில் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு; அது பெருந்தன்மை. ஆனால் ஒரு மாலைப்பொழுது தோள் கொடுத்தவருக்குப் பருவத் தொடக்கத்தில் விழுந்த கோபுரம் பருவ முடிவில் நின்றதன் பொருள் விளங்க வழியில்லை.

ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய பயணம் எதைத் தேர்ந்தெடுக்கும்? பருவம் இல்லாததைத்தான். அனைத்துப் புனிதர் நாளின் பனெல்யெட் இனிப்பு, ஈஸ்டருக்கு ஞானத்தந்தை பிள்ளைக்குக் கொடுக்கும் மோனா, கிறிஸ்துமஸ் நாளின் எஸ்கூதெல்யா சூப் எதுவும் அதற்கு ஒத்துவராது. கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை அரைத்து மறுநாள், டிசம்பர் 26 அன்று, கனெலோன் குழல்களில் அடைத்துச் சுடுவது அங்கே வழக்கம். 25ஆம் தேதி இல்லாமல் 26ஆம் தேதி இல்லை. முந்தைய நாளின் பானையை மறந்துவிட்டு மே மாதத்தில் பரிமாறினால் அது இத்தாலியிலிருந்து வந்த மாவுக்குழல், அவ்வளவுதான்.

கடைசியில் தேறுவது தக்காளி தேய்த்த ரொட்டி, கிரேமா கதலானா, காவா மது. பயணங்களோடு சேர்த்து விற்கும் சமையல் வகுப்புகளும் இந்த வட்டத்தை அதிகம் தாண்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், இவற்றுக்கும் நாள் இருந்தது. மேலே சர்க்கரையைக் கருக்கிய அந்த முட்டைப் பாலாடை மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளின் பலகாரம். ரொட்டியில் தேய்க்கும் தக்காளியோ, குளிர்காலம் வரை தாங்கும்படி நூலில் கோத்துத் தொங்கவிடுவதற்கென்றே வளர்க்கும் வகை. பருவத்தை வெல்லப் பருவத்தை அறிந்தவர்கள் கண்ட உபாயம் அது. அந்த அறிவை விட்டுவிட்டு ரொட்டியை மட்டும் தட்டில் வைக்கிறார்கள்.

நிலக்காட்சியாவது நிலையாக நிற்கும் என்று நினைக்கலாம். எப்ரோ ஆற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். வசந்தத்தில் நீர் பாய்ச்சியதும் நெல்வயல் முழுக்க வானம் கிடக்கும், கோடையில் பச்சை, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் சேறும் பறவைகளும். 'கழிமுகம், அரை நாள்' என்று நிரலில் எழுதுகிறவர் இந்த நான்கில் எதைத் தருவதாக ஒப்பந்தம் போடுகிறார்?

இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்ட ஓரிடம் உண்டு. போயீ பள்ளத்தாக்கின் தவுல் ஊரிலுள்ள சான் கிளிமென்ட் தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், கலைப்பொருள் வணிகர்களிடம் போய்விடக்கூடாது என்று 1919க்கும் 1923க்கும் இடையில் அப்பள்ளத்தாக்கில் நடந்த வேலையில் சுவரிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு பார்சிலோனாவுக்குப் போயின. இன்று அந்தச் சுவரில் ஒளிப்படமாக அவற்றைப் பாய்ச்சிக் காட்டுகிறார்கள். விளக்கு அணைந்ததும் எஞ்சிய சுவர் தெரிகிறது. இங்கே இருந்தது இப்போது இல்லை என்று பயணிக்கு நேராகச் சொல்லிவிடுகிறது அந்த ஏற்பாடு. பயணப் பொதியின் மற்ற நாட்களில் இந்த நேர்மை இல்லை.

நாட்காட்டியைக் கத்தலோனியர்களே கைவிட்டுவரும்போது பயணியிடம் மட்டும் ஏன் கறார் என்று கேட்கலாம். கிரேமா கதலானாவை ஆண்டு முழுவதும் தின்பவர்கள் அவர்களும்தான். ஆனால் அவர்கள் அதைத் தின்றபடியே அடுத்த ஜனவரியின் கல்சொட்டுக்குக் காத்திருக்கவும் செய்கிறார்கள். காத்திருந்ததுதான் பாதி ருசி. காத்திராதவருக்கும் அதே ருசியைத் தந்துவிட்டதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலைக்குப் போகிறவர் ஓராண்டு அங்கே தங்க முடியுமா என்றும் கேட்பார்கள். யாரும் தங்கச் சொல்லவில்லை. தான் பார்த்தது ஒரு மாதத்து நாடு என்று தெரிந்துகொண்டு திரும்பினால் போதும். அந்தத் தெளிவைத்தான் பொதி பறித்துக்கொள்கிறது.

பருவமின்மை ஏதோ கவனக்குறைவால் வந்த பிழையாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது கொள்கை. ஆண்டின் எந்த வாரத்திலும் விடுதிப் படுக்கை காலியாக இருக்கக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம். அதனால் ஆகஸ்ட் நெரிசல் குறையும் என்பதை நான் நம்பவில்லை. ஆகஸ்ட் அப்படியே இருக்க, பிப்ரவரியும் நவம்பரும் சேர்ந்து நிரம்பும். பருவத்தைச் சார்ந்து சமைப்பதற்காகக் கொண்டாடப்படும் ஒரு நாடு, பருவத்தை ஒழிப்பதைச் சுற்றுலாவின் இலக்காக வைத்துக்கொண்டு அந்தக் கொண்டாட்டத்தையே விளம்பரமாகவும் பயன்படுத்துகிறது. பட்டம் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இது முரணாகத் தெரியவில்லை.

திருத்துவது கடினமில்லை. பயணத்தின் பெயரிலேயே மாதத்தைச் சேர்த்துவிடலாம். பிப்ரவரிக் கத்தலோனியா ஒன்று, செப்டம்பர்க் கத்தலோனியா இன்னொன்று. முதலாவதில் கோபுரம் இல்லை, இரண்டாவதில் கல்சொட் இல்லை என்று விளம்பரத்திலேயே அச்சடிக்க வேண்டும். சில வாரங்களில் சில ஊர்களில் காட்ட ஒன்றுமில்லை என்று சொல்லவும் நேரும், சில படுக்கைகள் காலியாகக் கிடக்கும். அந்த நட்டத்துக்குத் தயாராக இருப்பவர்கள் பண்பாட்டுப் பயணம் என்ற பெயரை வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் நடத்துவது நல்ல சாலைகளால் நல்ல விடுதிகளை இணைக்கும் விடுமுறை. அதை அந்தப் பெயரிலேயே விற்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.