நியூரானுக்கு ரேங்க் பட்டியல்

2024இல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் அறிவித்ததும், கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியையே செயற்கை நரம்பு வலைகள் தீர்த்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. பரிசு எந்திரக் கற்றலுக்கு. மூளையை விளக்கியதற்கு அல்ல. ஆனாலும் வாதம் ஓயவில்லை: நியூரான் எப்படித் துடிக்கும் என்று கணிக்கிறதே, வேறென்ன விளக்கம் வேண்டும்?

கணிக்கிறது, மறுக்கவில்லை. பொருள்களை நன்றாக அடையாளம் காணும் வலையே குரங்கின் பார்வை நியூரான்களையும் நன்றாகக் கணிக்கிறது என்று 2014இல் யமின்ஸ், டிகார்லோ குழு காட்டியது பெரிய வேலைதான்.

என் சண்டை, கணிப்பு எவ்வளவு நன்று என்று சொல்லும் எண் பிறக்கும் விதத்தோடு. வலையின் ஓர் அடுக்கில் ஆயிரக்கணக்கான அலகுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. நியூரானின் துடிப்போடு ஒத்துப்போகும்வரை அந்த எடைகளைத் திருகுகிறார்கள். பிறகு புதுப் படங்களில் சோதிக்கிறார்கள், சரி. அவையும் பெரும்பாலும் அதே ஜாதிப் படங்கள். இத்தனை திருகாணி கையில் இருந்தால் எதுதான் பொருந்தாது? வந்த எண்ணைப் பிரெயின்-ஸ்கோர் போன்ற பட்டியலில் ஏற்றி ரேங்க் போடுகிறார்கள். ரேங்க் என்றால் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

ஓசூர் எல்லையைத் தாண்டினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். அங்கே எஸ்.பி. அருணின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கேட்டது: மனிதப் பார்வையின் விசித்திரங்கள் வலையிலும் உண்டா? தலைகீழ் முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் நேராக இருந்தால் நமக்கு உறைக்காது; பயிற்சி பெற்ற வலையிலும் அதே கதை. வித்தியாசம் அளவின் விகிதத்தில்தான் உறைக்கும் என்ற வெபர் விதியும் வலையில் தெரிந்தது. முப்பரிமாண வடிவமும், ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பதும் பிடிபடவில்லை. எனக்கு முக்கியமானது இன்னொன்று. உறுப்புகளுக்கு முன் முழு உருவத்தைக் காணும் நம் வழக்கம், உள் இணைப்புகளின் எடைகளைக் கண்டபடி இட்ட, எதுவும் கற்காத வலையில் இருந்தது. கற்றதும் காணாமல் போனது! பயிற்சி கூடக் கூட மூளையை நெருங்குகிறோம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பூனை உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்தினால் வலை யானை என்றது. கெய்ரோஸ் குழு 2019இல் காட்டியது. வேறு படங்களை ஊட்டினால் குறை தீரும் என்றும் அவர்களே காட்டினார்கள். தீரட்டும். சிப்காட் ஆலையின் உற்பத்தி லைனில் மாட்டிய கேமரா, பாகத்திலுள்ள எண்ணெய்க் கறையை விரிசல் என்று தள்ளினாலும் அப்படித்தான் திருத்துவார்கள். பொறியியலுக்கு அது போதும். ஆனால் அந்த லைனில் நிற்கும் இன்ஸ்பெக்டர் சந்தேகம் வந்தால் பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார், விரலால் துடைத்து மறுபடி பார்க்கிறார். 2014 கணிப்புக்கு அடிப்படையான பதிவுகளோ, குரங்குக்கு ஒரு படத்தை 100 மில்லிசெகண்ட் மின்னவிட்டு எடுத்தவை. அந்த மின்னலுக்குப் பொருந்தும் கணக்கைப் பார்வை என்கிறார்கள். பாகத்தைச் சாய்க்கும் கைக்கு மதிப்பெண் தரும் பட்டியல் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.