கட்டியங்காரன் கேட்காத கேள்வி

பாரிஸ் நகரை அடுத்த வான்சென் காட்டில், ஒரு காலத்தில் வெடிமருந்துத் தோட்டாக்கள் செய்த பழைய தொழிற்சாலை ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு அரியான் மனூஷ்கின் அம்மையாரும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய 'தியேத்ரு து சொலெய்' என்னும் நாடகக் குழு பல்லாண்டுகளாக அங்கேதான் இயங்கி வருகிறது. 2016 நவம்பரில் அக்குழு 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் நாடகத்தை அரங்கேற்றியது. ஐரோப்பாவிலும் பின்னர் 2017 இறுதியில் நியூயார்க்கிலும் பெரிதும் பேசப்பட்ட அந்நாடகத்தின் உயிர்நாடியாக அமைந்தது நம் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்து. இஸ்லாமியப் பண்பாட்டு ஏடொன்றில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசகர் வினவலாம். நிறையவே இருக்கிறது என்பது நம் கருத்து.

நாடகத்தின் கதை எளியது. இந்திய நகரொன்றுக்கு வந்த பிரெஞ்சு நாடகக் குழுவின் இயக்குநர், பாரிஸ் தாக்குதல்களின் செய்தி கேட்டு மனம் கலங்கிக் குழுவைக் கைவிட்டு ஓடிவிடுகிறார். கொர்னேலியா என்னும் உதவியாளரின் தலையில் பொறுப்பு விழுகிறது. என்ன நாடகம் போடுவது, இப்படிப்பட்ட உலகில் நாடகத்தால் ஆவது என்ன என்று தெரியாமல் அவர் தம் அறைக் கட்டிலில் புரள்கிறார். அவருடைய கனவுகளே நாடகத்தின் காட்சிகள். 2015 நவம்பர் 13 அன்று 130 உயிர்களைப் பலிகொண்ட அந்தத் தாக்குதல்களை அடுத்த மாதங்களில் குழுவினர் உண்மையிலேயே புதுச்சேரிக்கு வந்து தங்கினர். குமரன் வளவன் 2007-இல் நிறுவிய 'இந்தியநோஸ்ட்ரம்' குழு அவர்களுக்கு இடமளித்தது. புரிசைக் கூத்து மரபின் கலைமாமணி கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான் அவர்களுக்குக் கூத்துக் கற்பித்தார். பல நாடுகளைச் சேர்ந்த நடிகர்கள் தமிழ்ச் சொற்களை மனப்பாடம் செய்து, கட்டைகள் அணிந்து, திரௌபதி வஸ்திராபகரணத்தையும் கர்ண மோட்சத்தையும் தமிழிலேயே பாடி ஆடினர்.

இருவேறு கண்டத்தார் சேர்ந்து ஒரு நாடகத்தை ஆக்கும்போது அதன் பொருளமைதியைத் தீர்மானிப்பவர் யார்? ஜெர்மானிய அரங்கில் இதற்கென்றே ஒரு பதவி இருக்கிறது, 'டிராமடுர்க்' என்பர். எந்தக் கதையை எடுப்பது, எதை வெட்டுவது, எந்தப் பாத்திரத்தை எந்தப் பின்புலத்தோடு நிறுத்துவது என்று பார்ப்பது அவர் வேலை. 1767-இல் ஹாம்பர்க் தேசிய அரங்கில் இப்பணியை முதன்முதலாக ஏற்றவர் லெஸ்ஸிங். அவர் 1779-இல் எழுதிய 'ஞானி நாத்தான்' நாடகத்தின் களம் ஜெருசலேம். அதன் தலைமைப் பாத்திரங்களுள் ஒருவர் சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபி. மூன்று மோதிரங்களின் உவமையை ஒரு யூத வணிகர் முஸ்லிம் மன்னரிடம் கூற, மன்னர் செவிமடுத்துக் கேட்டு அவரைத் தம் நண்பராகக் கொள்கிறார். அந்நாடகத்தை நாஜிகள் தடை செய்தனர். ஐரோப்பிய நாடக அமைப்பியலின் தந்தை எனப்படுபவர், முஸ்லிம் ஒருவரைக் கேள்வி கேட்பவராகவும் சிந்திப்பவராகவும் மேடையேற்றினார் என்பதை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

'இந்தியாவில் ஓர் அறை'யில் முஸ்லிம்கள் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? பாலைவனத்தில் பிரச்சாரப் படம் எடுக்கத் திணறும் பயங்கரவாதிகளாக. அவர்களுடைய அறியாமையும் தடுமாற்றமும் அவையோரைச் சிரிக்க வைக்கின்றன. கொலையைத் தொழிலாகக் கொண்டவரை எள்ளி நகையாடுவதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. அவர்களால் அதிகம் மடிந்தவர்களும் முஸ்லிம்களே. அச்சத்தைச் சிரிப்பால் வெல்லும் உத்தி பழையது, நேர்மையானதுங்கூட. நாடகத்தின் முடிவில் சாப்ளின் 1940-இல் எடுத்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தின் இறுதிப் பேச்சு ஒலிக்கிறது. மனிதநேயம் மிக்க பேச்சுதான். எனினும் எந்த உடையில் நின்று யார் பேசினாலும் அது சாப்ளினின் சொல். பல மொழிகள் பேசும் அந்நாடகத்தில், தன் மரபிலிருந்து தன் சொல்லை எடுத்துப் பேசும் முஸ்லிம் ஒருவரும் நம் நெஞ்சில் நிற்கவில்லை.

இதை வெறுப்பு என்று நாம் கருதவில்லை. இதே மனூஷ்கினும், அல்ஜீரியாவின் ஒரான் நகரில் பிறந்த எலேன் சிக்ஸூவும் 1987-இல் 'லெந்தியாத்' என்னும் நாடகத்தை அளித்தவர்கள். இந்தியப் பிரிவினை அதன் பொருள். அதில் ஜின்னா வருகிறார், கான் அப்துல் கஃப்பார் கான் வருகிறார். தம்முள் முரண்பட்டு, வாதாடி, வருந்தும் மனிதர்களாக அவர்கள் மேடையில் நின்றனர். முப்பது ஆண்டுகளில் அந்த இடத்திற்குத் துப்பாக்கியோடு தடுமாறும் கேலிச்சித்திரம் வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் உலகம் மாறியது உண்மை. ஆனால் உலகம் மாறியது என்பதை மட்டும் காரணமாகக் கொண்டால் நாடக அமைப்பாளர் எதற்கு? நாளிதழே போதுமே.

குறை உழைப்பின் பங்கீட்டில் இருக்கிறது. கூத்துக் காட்சிகளுக்காகக் குழு ஆசிரியரைத் தேடி வந்தது. அவர் காலடியில் அமர்ந்தது. தாளமும் அடவும் பாட்டும் பிழைபடாதிருக்க வேண்டும் என்று பாடுபட்டது. அப்பணிவு அக்காட்சிகளின் ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. முஸ்லிம் பாத்திரங்களுக்கோ அத்தகைய ஆசிரியர் தேவைப்படவில்லை. செய்திப் படங்கள் போதுமானவையாக இருந்தன. ஒரே நாடகத்துள் ஒரு மரபு பயிலப்பட்டது, மற்றொன்று பயன்படுத்தப்பட்டது.

அவர்கள் தங்கியிருந்த புதுச்சேரியிலிருந்து தெற்கே சற்றேறக்குறைய இருபது கிலோமீட்டரில் கடலூர். அங்கிருந்து சிதம்பரம் வரையிலான கடற்கரைச் சாலையில் ஒரு நாள் சென்றிருந்தால் போதும். மஹ்மூது பந்தர் என்று முன்னோர் வழங்கிய பரங்கிப்பேட்டை அங்கே இருக்கிறது. உள்நாட்டில், காட்டுமன்னார்கோயிலை அடுத்து, மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியைப் பெற்ற லால்பேட்டை இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் ஆண்டுதோறும் மாசி மகத்தின்போது நிகழ்வதைக் காணும் எந்த நாடகக் கலைஞரும் வாய்பொத்தி நிற்பார். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கடலாட வருகையில், தைக்கால் தர்காவின் முன் பல்லக்கு நிற்கிறது. முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கின்றனர். அவ்வழக்கத்தின் மார்க்கச் சட்ட நிலை பற்றி நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விவாதம். இரு சமயத்தார் ஒருவர்முன் ஒருவர் நின்று, அவரவர் இடம் அறிந்து, முறை பிசகாமல் ஆற்றும் ஒரு நிகழ்ச்சி அங்கே பல தலைமுறைகளாக நடந்துவருகிறது என்பதே நமக்கு இங்கு வேண்டுவது.

இன்னும் நெருங்கிய சான்றும் உண்டு. பாரதக் கூத்து வாழும் இடம் திரௌபதி அம்மன் கோயில். பழைய தென்னார்க்காடு மாவட்டம், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்தப் பெருநிலம், இவ்வழிபாட்டின் நெஞ்சகம் எனலாம். செஞ்சி வட்டாரத்தை நடுவாக வைத்துப் பல்லாண்டுகள் ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் இதை விரிவாக எழுதினார். அக்கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்பவர் இருவர். ஒருவர் போத்துராஜா. மற்றவர் முத்தால ராவுத்தர். பெயரே சொல்வதுபோல் ஒரு முஸ்லிம் குதிரை வீரர். தவ்ஹீதை நெஞ்சில் ஏந்தியவர்களாகிய நாம் இந்த வழிபாட்டை ஏற்பதற்கில்லை. ஆயினும் நாட்டார் உள்ளம் முஸ்லிமுக்கு எந்த இடத்தை அளித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? மானம் காக்கப்பட வேண்டிய ஒரு பெண்ணின் வாசலில் அவரைக் காவலராக நிறுத்தியது. வஸ்திராபகரணத்தைப் பாரிஸ் வரை கொண்டு சென்ற கலைஞர்கள், அதே திரௌபதியின் வாசலில் நின்ற ராவுத்தரைக் கொண்டு செல்லவில்லை. ஒரு நல்ல டிராமடுர்க் உடனிருந்தால் அவர் கண்ணில் முதலிற் பட்டிருக்க வேண்டியது இதுவே.

கூத்தே அந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. திரைக்குப் பின்னால் வேடம் நின்று பாடுகிறது, திரை விலகுகிறது, உடனே ஆடத் தொடங்கிவிட முடியாது. கட்டியங்காரன் வந்து வழிமறிக்கிறான். நீர் யார், எந்த நாட்டவர், யாருக்குப் பிறந்தவர், எதற்காக இங்கே வந்தீர் என்று கேட்கிறான். துரியோதனனும் விடை சொல்லியாக வேண்டும், கர்ணனும் சொல்லியாக வேண்டும். அவன் மன்னனைக் கிண்டல் செய்வான், ஊர்க்கதையைப் புகுத்துவான், அவையோருக்குப் புரியாததை விளக்குவான். கொடியவனாயினும் தன் பெயரையும் குலத்தையும் தன் வாயாற் சொல்லிய பிறகே அவன் அரங்கில் கொடியவனாகிறான். அந்தப் பயங்கரவாதிகளையும் யாரேனும் இப்படி மறித்துக் கேட்டிருந்தால் அக்காட்சி என்ன ஆகியிருக்கும்! சிரிப்பு குறைந்திருக்காது, கூர்மை கூடியிருக்கும். கூத்தின் நிறத்தையும் ஓசையையும் எடுத்துக்கொண்டவர்கள், அதன் இலக்கணத்தின் இந்த முதல் விதியைத் தம் ஏனைய காட்சிகளுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

பிறிதொரு முன்மாதிரி இருந்தது. பீட்டர் புரூக்கின் ஒன்பது மணி நேர 'மகாபாரதம்' 1985-இல் அவிஞோனில் அரங்கேறியபோது, இந்தியச் சூழலை அறுத்தெடுத்துவிட்டார் என்று ருஸ்தம் பரூச்சா கடுமையாகச் சாடினார். அச்சாடலில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் அதே புரூக், ஃபரீதுத்தீன் அத்தாரின் 'மன்திகுத் தைர்' காப்பியத்தை 1979-இல் நாடகமாக்கியவர். 2004-இல் மாலி நாட்டு எழுத்தாளர் அமாதூ ஹம்பாத்தே பாவின் நூலைக் கொண்டு, தியெர்னோ போக்கார் என்னும் சூஃபி ஆசிரியரின் வாழ்வை மேடையேற்றினார். திஜானிய்யா தரீக்காவில் ஒரு திக்ரைப் பதினொரு முறை ஓதுவதா, பன்னிரண்டு முறை ஓதுவதா என்பதே பூசலின் வித்து. பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சி அதில் புகுந்து உயிர்களைக் குடித்த கதையை, பாத்திரங்களைச் சிறிதும் எள்ளாமல், தாழ்ந்த குரலில் அவர் சொன்னார். மூல நூல் ஓர் ஆப்பிரிக்க முஸ்லிமுடையது. முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் ஆப்பிரிக்கரான சோத்திகி குயாத்தே. மேசையின் இருபுறமும் ஆள் இருந்ததால் விளைந்த பயன் அது.

மேசையில் ஆள் இல்லாத குறை மனூஷ்கின் குழுவை 2018-இல் நேரடியாகவே சுட்டது. கனடிய இயக்குநர் ரொபேர் லபாஜ் அக்குழுவைக் கொண்டு அந்நாட்டுப் பூர்வகுடிகளைப் பற்றி 'கனாட்டா' நாடகத்தை ஆக்கியபோது, எம்மைப் பற்றிய கதையில் எம்மவர் எங்கே என்று அம்மக்கள் வெளிப்படையாகக் கேட்டனர். நம் தரப்பிலிருந்து அப்படியொரு கேள்வி எழவில்லை.

ஏன் எழவில்லை என்பதற்கு விடை தேடினால் குற்றச்சாட்டு நம் பக்கமே திரும்புகிறது. நாடகம் என்றாலே முகஞ்சுளிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. ஆனால் தமிழ் முஸ்லிம்களுக்கு நாடக மரபு உண்டு. நொண்டி நாடகம் என்னும் வகையில், குதிரை திருடப் போய்க் கைகால் இழந்தவன் இறையருளால் மீள்வது வழக்கமான கதை; சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவன் வள்ளல் சீதக்காதியின் உதவியால் மக்கமாநகர் சென்று நலம் பெறுகிறான். இராஜநாயகம் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவர் பெயரால் அலிபாதுஷா நாடகம் வழங்குகிறது. அப்பாசு நாடகம், லால் கௌஹர் நாடகம் போன்றவையும் உண்டு. தமிழ் நாடக மேடையின் பெருங்கலைஞர் இராஜமாணிக்கத்திற்கு 'நவாப்' பட்டமே ஒரு முஸ்லிம் மன்னர் வேடத்தால் வந்தது. சீறாவைப் பதிப்பிக்கவும் ஆராயவும் மாநாடுகள் கண்ட நாம், இந்நாடகங்களை இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தியோடு முடித்துக்கொண்டோம். நா. முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு வியந்து கூத்துப்பட்டறையை அமைத்து, அம்மரபை நகரத்தின் கண்முன் நிறுத்தினார். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கும் புரிசைக்கு வழி தெரிந்தது. அலிபாதுஷா நாடகத்தின் மெட்டுகளை இன்று யாரிடம் போய்க் கேட்பது? புதுச்சேரிக்கு வந்த அந்நடிகர்கள் நம் வாசலையும் தட்டி, உங்கள் நாடகத்தைக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டிருந்தால், நம் கையில் இருந்திருக்கக்கூடியவை சில பழைய பதிப்புகளும் இலக்கிய வரலாற்று நூல்களின் அந்த ஒரு பத்தியுமே.