ஆறிய ஆடி

வியாழனைப் படம் பிடிப்பவர்கள் கேமராவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, தொலைநோக்கியின் அடியில் யார் கண்ணிலும் படாமல் சுற்றும் சின்ன மின்விசிறி.

தொலைநோக்கி ஆடியின் தடித்த கண்ணாடி, பகலில் வாங்கிய சூட்டை இருட்டியதும் விட்டுவிடாது. வெளிக்காற்று குளிரக் குளிர, அது பின்தங்கியே வரும். ஓரிரு டிகிரி வித்தியாசம் போதும். ஆடியின் முகத்தில் வெதுவெதுப்பான காற்று ஒட்டிக்கொண்டு நெளியும். ஒரு நட்சத்திரத்தை வேண்டுமென்றே குவியம் தப்பவிட்டுப் பாருங்கள். ஒளித்தட்டுக்குள், அடுப்புக்கு மேல் தெரிவதுபோல, அலைகள் மெல்ல ஊரும். ஆயிரக்கணக்கான வீடியோ பிரேம்களில் நல்லதைப் பொறுக்கி அடுக்குவதுதான் இந்தக் கலையின் சூட்சுமம். எல்லாமே கலங்கியிருந்தால் எதைப் பொறுக்குவது? அந்த வெதுவெதுப்பைக் கலைத்து ஆடியை ஆறவைக்கத்தான் விசிறி.

ஆஸ்திரேலிய வானியல் ஆர்வலர் ஆன்டனி வெஸ்லி விசிறியோடு நிற்கவில்லை. மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு வைத்து ஆடியையே குளிர்வித்தார். இதில் அளவு முக்கியம். காற்றைவிட ரொம்பக் குளிர்ந்தால் ஆடியில் பனி பூத்துவிடும், அன்றைய ராத்திரி அவ்வளவுதான்.

2009 ஜூலை 19 அன்று, தம் 14.5 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார் வெஸ்லி. நடுவில் டிவியில் கோல்ஃபும் கிரிக்கெட்டும் பார்க்கப் போய்வந்தவர் (என்ன மனுஷன்!). ஏதோ மோதிய தழும்பு அது. ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. நான்கு நாளில் ஹபிளும் அந்தப் பக்கம் திரும்பியது.