வண்டியில் உட்கார்ந்த பூனைக்குட்டி

ஊர்த்தெரு முனை வந்ததும் எங்கப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். எதிரில் ஆள் வரணும் என்பதில்லை. "அதான் யாருமே இல்லியேப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கே தெரியலடா, கை போயிடுது" என்றார். உளவியலில் எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் அந்தக் கையைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மனம் ஒரு கம்ப்யூட்டர், அறிவது என்பது தகவலை வாங்கிச் சேமித்துத் திருப்பி எடுப்பது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதனால்தான் பிரான்சிஸ்கோ வரேலா, இவான் தாம்சன், எலினார் ராஷ் மூவரும் எழுதி 1991இல் வந்த 'தி எம்பாடிட் மைண்ட்' நூலைப் பிடித்துக்கொண்டேன். முன்னாலேயே முடிந்த உலகம் வெளியே கிடக்கிறது, மூளை அதைப் படம் பிடிக்கிறது என்பதை இவர்கள் மறுக்கிறார்கள். உடம்பு நடந்து, தொட்டு, மோதித்தான் தன் உலகத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்கிறார்கள். ஹெல்டும் ஹைனும் செய்த சோதனையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகள். வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது ஒன்று தன் காலால் நடக்கும். இன்னொன்று அது இழுக்கும் வண்டியில் உட்கார்ந்தபடி சுற்றும். இரண்டுக்கும் கிடைத்த காட்சி ஒன்றுதான். பிறகு அவிழ்த்துவிட்டபோது நடந்த குட்டிக்கு வழி தெரிந்தது. உட்கார்ந்து வந்தது பள்ளம் எது தரை எது என்று தெரியாமல் தடுமாறியது.

படித்ததும் சிரித்துவிட்டேன். பல்லக்குத் தூக்கியவன் கால் அறிந்தது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. உள்ளே உட்கார்ந்து போனவன் சொன்னதைத்தான் ஞானம் என்று நம் தலையில் கட்டினார்கள்.

ஆனால் புத்தகத்தோடு என் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. நடப்பதால் அறிவு வரும், சரி. எந்தத் தெருவில் நடக்கலாம், எப்படிக் குனிந்து நடக்கணும் என்று யார் வைத்தது? சிக்கல் அமைப்புகளை விளக்க 'பிட்டோரியோ' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். வளையமாகக் கோத்த சிற்றறைகள். 0, 1 என்ற எண்கள் தாறுமாறாகக் கலந்த கூழில் அதைப் போடுகிறார்கள். மோதி மோதி, அது தனக்கான அர்த்தத்தைத் தானே பொறுக்கிக்கொள்கிறது. நம்மைப் போட்ட கூழ் தாறுமாறானதா? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால் என்று வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தானே நம்மைப் போட்டார்கள்!

மூவரும் தங்கள் முன்னோடியாகச் சொல்வது மெர்லோ-போந்தியை. அவரிடம் லியோனில் பாடம் கேட்ட ஃபனான் 1952லேயே எழுதிவிட்டார்: வெள்ளைக்காரனின் பார்வை பட்டதும் கறுப்பன் தன் உடம்பை உணரும் விதமே உடைகிறது என்று. அந்தக் கேள்வியை இந்த நூல் தொடவில்லை.

பௌத்தத் தியானத்தைக் கையில் எடுக்கிறார்கள். உற்றுக் கவனித்தால் 'நான்' என்று நிலையாக ஒன்று அகப்படாது என்கிறார்கள். எங்கப்பா உட்கார்ந்து கவனித்திருந்தால் கை போவது தெரிந்திருக்கும். நின்றிருக்குமா? அம்பேத்கரின் பௌத்தம் வேறு வழியில் வந்தது. 1927இல் மகத் சௌதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நடந்துபோய், கையால் அள்ளித் தண்ணீர் குடித்தார்கள். அதற்கு அப்புறம் 29 வருஷம் கழித்துத்தான் நாக்பூர் தீட்சை. உடம்பு பழகியதை உடம்புகள் கூடித்தான் மாற்ற முடியும் என்பதை அங்கே பார்க்கிறேன்.

நான் துண்டு போடுவதில்லை. ஆனாலும் பேராசிரியர் ஒருவரின் அறைக்கதவைத் தட்டும்போது என் முதுகு தானாக வளைந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உளவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை அவசியம் படிக்கணும். படித்துவிட்டுத் தங்கள் அப்பாவின் கை, அம்மாவின் கழுத்து எங்கே எப்படித் திரும்புகிறது என்று பார்த்து எழுதணும். மூவரும் எழுதாமல் விட்ட அத்தியாயம் நம்மிடம்தான் இருக்கிறது.