கணக்கில் ஏறாத தூரம்

தமிழகப் பொதுச் சுகாதாரத்தைப் புகழும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான். 1939இன் பொதுச் சுகாதாரச் சட்டம், 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம், கிராம சுகாதாரச் செவிலியர். பொய்யில்லை. அந்த மாத்திரையும் நர்சம்மாவும் இல்லாவிட்டால் நம் சேரிகளில் இன்னும் எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்திருப்போம். ஆனால் இந்தப் பிரதிகளில் 'மக்கள்தொகை' வருகிற அளவுக்கு மக்கள் வருவதில்லை.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் சென்னையின் நடுவிலிருந்த குடிசைகளைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைச் சனங்கள் பலருக்குப் பெரும்பாக்கம். பெரும்பகுதி தலித்துகள். இவர்கள் பெரியாஸ்பத்திரிக்கும், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் பக்கத்திலேயே கிடந்தவர்கள். வலி எடுத்தால் நடந்தோ ரிக்‌ஷாவிலோ போய்ச் சேர்ந்தவர்கள். இப்போது நடுவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சிலருக்கு அதற்கும் மேல்.

2013இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது. அதை வைத்துப் பார்க்கிறவர் 'வசதி உண்டு' என்று எழுதிவிடலாம். காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் உண்டுதான். சிக்கலான பிரசவம், டயாலிசிஸ், நெஞ்சுவலி என்றால் 'ரெஃபர்'. தமிழ் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லின்மேல் எனக்கு ஒரு கண். அறிக்கையில் அது அமைப்பு ஒழுங்காக நடப்பதன் அடையாளம். பெரும்பாக்கத்து அக்கா ஒருத்தர் வாயில் அதே சொல் வேறாகிறது: "ரெஃபர்னு எழுதிட்டா ஒருநா கூலி போச்சு தம்பி. மத்த புள்ளைங்கள யாரு பாக்குறது?" நெஞ்சுவலிக்காரரை 108 கொண்டுபோகும். டிஸ்சார்ஜ் ஆனபின் வீடு திரும்புவது அவர் பாடு.

குடியகற்றுவது வீட்டு விவகாரம், மருத்துவம் வேறு விவகாரம் என்று பிரித்து எழுதுவதில்தான் இந்தக் கட்டுரைகளின் சாதி இருக்கிறது. எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை காசநோயாளிகள் லாரியில் ஏற்றப்படுகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டுவிட்டல்லவா சாவியைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்?

2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருவதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அக்கா பழைய பேட்டைப் பக்கம் வீட்டு வேலைக்காக விடியுமுன் பஸ் ஏறிவிடுகிறார். மாத்திரை வரும் நேரம் கதவில் பூட்டு. பதிவேட்டில் அவரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன்.