அடிக்காத கை

ஒப்பிலக்கிய வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரு மாணவியாவது கேட்டுவிடுகிறாள்: “பெட்ரூச்சியோ அவளை அடிக்கவே இல்லையே, மேடம்?” விமர்சகர்களில் ஒரு சாராரும் இதையேதான் சொல்கிறார்கள். மனைவியை ரத்தம் வர அடித்து, உப்பிட்ட குதிரைத்தோலில் சுற்றிவைத்த கதையெல்லாம் அக்கால இங்கிலாந்தில் அச்சில் உலவியது. அவற்றோடு ஒப்பிட்டால் இவன் நல்லவனாம்.

நான்காம் அங்கம், முதல் காட்சியின் முடிவில் அவன் நம்மிடம் தனியாகப் பேசுகிறான். கேதரினா அவனுடைய வல்லூறு. பசித்திருக்கிறாள்; படியும்வரை வயிறு நிறையக் கூடாது, கண் மூடவும் கூடாது என்கிறான். அவளுக்கு அவன் வைக்கும் பெயர் ‘ஹேகார்ட்’. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சை அப்படிச் சொல்லமாட்டார்கள். காட்டிலேயே முதிர்ந்து, தானே வேட்டையாடித் தின்றுகொண்டிருந்து, பிறகு பிடிபட்ட பறவைக்குத்தான் அந்தப் பெயர். வேட்டைக்கு ஆணைவிடப் பெண் வல்லூறையே பெரிதும் விரும்பினார்கள். உருவில் அவளே பெரியவள்.

பிடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் வால்கன்ஸ்வார்டில், வலசை போகும் வல்லூறுகளுக்காக ஆட்கள் புல்வெளிக் குடிசைக்குள் பதுங்கியிருப்பார்கள். கயிற்றில் கட்டிய புறாதான் இரை. பக்கத்தில் ஒரு கீச்சானையும் கட்டியிருப்பார்கள். தொலைவில் வல்லூறு தெரிந்ததுமே அது அலறிக் காட்டிக்கொடுத்துவிடும். (இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்த முகங்களை இங்கே எழுதப்போவதில்லை.) பிடிபட்டதும் இமைகளை நூலால் தைப்பது பழைய வழக்கம். பிறகு இருட்டு, கையுறை, இரவெல்லாம் விழிப்பு. பறவையை ஆளுக்குப் பழக்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொல்லே ‘மேன்’ என்பதுதான்.

வல்லூறை அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் கையைக் கண்டாலே மிரளும், கைக்கு வராது. பழக்குகிறவன் அடிக்காததற்குக் காரணம் அவ்வளவுதான். பெட்ரூச்சியோவும் இதை அறிந்தவன். பட்டினி போடுவதையும் தூக்கத்தைப் பறிப்பதையும் அவள்மேல் உள்ள அக்கறையாகவே காட்டுகிறான். பட்டினியைவிட, அன்பின் பேரால் இதெல்லாம் நடப்பதுதான் தன்னை அதிகம் வதைக்கிறது என்று கேதரினாவே சொல்கிறாள். அந்த இடத்தை வகுப்பில் நான் இரண்டுமுறை படிக்கச் சொல்வேன்.

வல்லூறு வேட்டை இருவருக்குமான கூட்டுறவு, ஆகவே இந்தத் திருமணமும் அப்படித்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. பழக்கிய பறவையையும் ஒவ்வொரு வேட்டையிலும் கட்டவிழ்த்து வானில் விட்டாக வேண்டும். அது திரும்பாமலே போகலாம், போயுமிருக்கிறது. கேதரினாவுக்கு அந்த வானம் எங்கே?

கடைசிக் காட்சியில் யார் மனைவி கூப்பிட்டதும் வருவாள் என்று ஆண்கள் பந்தயம் கட்டுகிறார்கள். 20 கிரவுன் என்றதும் பெட்ரூச்சியோ, அது வல்லூறின்மேலோ நாயின்மேலோ வைக்கிற தொகை, மனைவிமேல் அதைப்போல் இருபது மடங்கு வைப்பேன் என்கிறான். பந்தயம் 100 ஆகிறது. பியாங்கா வரவில்லை, கைம்பெண்ணாயிருந்து மறுமணம் செய்தவளும் வரவில்லை. கேதரினா வருகிறாள். அவளுடைய அப்பா, இவள் இப்போது வேறு மகள் என்று சொல்லி, புதுச் சீதனமாக இன்னும் 20,000 கிரவுன் தருகிறார். பழைய மகள் திரும்பி வந்திருந்தால் அந்த வீட்டில் கதவு திறந்திருக்குமா என்று நாடகத்தில் யாரும் கேட்பதில்லை.